தளராத திருகாணி

ஞானமுத்துவின் வேட்டைத் துப்பாக்கியில் ஒரு திருகாணி இருந்தது. வீட்டுக் கொல்லையில் துப்பாக்கிக் குழாயைத் துடைத்து, மணல் மூட்டைமேல் சாய்த்துக் காலண்டர் தாளைச் சுட்டால் தேதியின் நட்டநடுவில் குண்டு பாயும். காட்டுக்குப் போனால் மட்டும் முயல் தப்பிவிடும்.

“அங்கே போனதும் இந்தத் திருகாணி தளர்ந்துடுது. காலையில பார்த்துட்டுத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்” என்றார் ஞானமுத்து.

திருகாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் இம்மிகூட அசையலையே, அண்ணே!” என்று துப்பாக்கியிடம் பொருமியது.

“தெரியும்டா. முயலைக் கண்டதும் அவர் ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிறார். சாகடிக்க மனசு வரலை. வேட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை, அதை எப்படி வெளியே சொல்லுவார்?”



மறுநாள் ஞானமுத்து திருப்புளியோடு வந்து தொட்டுப் பார்த்தார். ஒருநாளும் அசையாத திருகாணி தொளதொளவென்று ஆடிக் காட்டியது.

“அதானே பார்த்தேன், நீதானா!” அவர் முகமெல்லாம் சிரிப்பு.

தூக்கிப் போடத்தான் கையில் எடுத்தார். மனசு வரவில்லை. அதையே மறுபடி வைத்து முடுக்கினார்.