பாதியில் நின்ற பெயர்

“பாஸ், இந்த ஏஐய வச்சா, ஆர்த்திகா அக்கா மூணு வாரமா எழுதுற கோட் ஒரே நாள்ல வந்துரும்லா!”

ஷர்வின் இதைச் சொன்னபோது ஆர்த்திகா பக்கத்தில்தான் நின்றாள். அவன் வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் பேச்சைப் பார்!

ஈப்போவில் இருந்த அந்தச் சின்ன ஆபீஸில், ஒரு கம்பெனியின் சிஸ்டம் இன்னொரு கம்பெனியின் சிஸ்டத்தோடு பேசுவதற்கான ஏபிஐ கிளையண்ட் கோட் எழுதுவது அவள் ஒருத்திதான். அடுத்த மாதம் சித்தியவானில் அவளுக்குக் கல்யாணம். லீவு கேட்டால், “சுங்கை சிப்புட் லாரி கம்பெனி வேலைய யாரும்மா முடிப்பா?” என்று பாஸ் விக்னேஸ்வரன் இழுத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது முடிக்க ஆள் வந்தாயிற்று, ஆளே இல்லாத ஆள்.

லீவு கிடைத்துவிடும். திரும்பி வரும்போது நாற்காலி இருக்குமா? கல்யாணப் பெண்ணுக்குக் கூறைப்புடவை நினைப்பு போய், ராத்திரி பகலாக நாற்காலி நினைப்புதான்.

“அக்கா, உங்க பழைய கோட் எல்லாம் குடுங்க. அதப் பாத்துத்தான் இது கத்துக்கும்.”

“எடுத்துக்க. அப்படியே என் சேரையும் தூக்கிட்டுப் போ.”

ஷர்வின் சிரித்தான். சிரிப்பு வேறு!

கோட்டைக் கொடுத்தாள். நாலு வரியை மட்டும் அழித்துவிட்டுக் கொடுத்தாள்.

ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் நம்மவர்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே, மலாயில் மகன் என்பதற்கு ‘ஏ/எல்’ என்று இருக்கும், பெண்ணென்றால் ‘ஏ/பி’. அந்தச் சாய்கோட்டைக் கண்டால் போதும், பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கணினி நின்றுவிடும். அப்படி நிற்காமல் இருக்கத்தான் அந்த நாலு வரி. இல்லாமல் திண்டாடட்டும், பொடிப்பயல்!

வெள்ளிக்கிழமை பாஸ் முன்னால் ஏஐ எழுதிய கோட்டை ஓட்டிக் காட்டினான் ஷர்வின். லாரி டிரைவர்கள் பெயர் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. அஹ்மாட் வந்தார். ஆ சோங் வந்தார். ‘பத்துமலை ஏ’ என்பதோடு நின்றது. அதற்கப்புறம் ஒரு தமிழ்ப் பெயரும் தேறவில்லை.

“அலாமாக்! நம்ம ஆளுங்க எல்லாம் எங்கடா போனாங்க?” என்றார் பாஸ்.

“எனக்கும் தெரியல பாஸ். அக்காவக் கேட்டாத்தான் தெரியும்,” என்று ஷர்வின் தலையைச் சொறிந்தான்.

ஆர்த்திகாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சாய்கோட்டுக் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். “இந்த ஏஐக்கு ஒரு விதி சொல்லிக் குடுத்தாப் போதும் பாஸ், நான் பாத்துக்கிறேன்.”

பாஸுக்கு முகமெல்லாம் பல். “பாத்தியாடா? மெஷினே வந்தாலும் அதுக்கு ஒரு வாத்தியார் வேணும்லா. ஆர்த்திகா, இனிமே இது உன் பொறுப்பு. இதச் சரி பண்ணிட்டு நிம்மதியா லீவுல போம்மா. கல்யாணத்துக்கு ஆபீஸே வேன் புடிச்சு வரும்!”

அவள் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியும் தங்கியது, லீவும் கிடைத்தது.

பாஸ் தலை மறைந்ததும் ஷர்வின் பக்கம் திரும்பினாள். “இதெல்லாம் அனுபவத்துல வர்றது, தம்பி.”

“ஆமாக்கா. நீங்க இல்லாட்டி முடியுமா? எல்லாருக்கும் கடையில காப்பி பொங்குஸ் கட்டி வாங்கிட்டு வாரேன்,” என்று அவன் கிளம்பிவிட்டான்.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்து, சாய்கோட்டு விதியை ஏஐயிடம் தட்டிவிட்டாள். உடனே பதில் வந்தது.

‘இதே விதியை நேற்று ஷர்வின் சேர்த்தார்; இன்று காலை அவரே நீக்கினார். அவர் எழுதிய காரணம்: “இத அக்காதான் பாஸ் முன்னாடி சேக்கணும்.” இப்போது சேர்க்கட்டுமா?’