மேல்விளிம்பில் சந்தனம்

"சந்தனப் பொட்டு வெச்ச கம்பியூட்டர்ல கை வைக்க மாட்டியா புள்ள?" என்று பாண்டிருப்பு மேல்மாடிக் கம்பியூட்டர் வகுப்பில் விமலா டீச்சர், சரஸ்வதி பூசை நடந்த வாணிவிழாவன்று ஸிப்னாவைக் கேட்டுச் சிரித்தார். அந்த மார்கழியில்தான் சுனாமியாய்க் கடல் வந்தது. ஸிப்னாவின் படிப்பும் அதோடு நின்றது. இன்று அதே டீச்சர், தைக்கக் கொடுத்த சாறிச் சட்டையை வாங்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே அவள் அண்ணன் றிஸ்மி நானா, கேம் பெட்டியின் வயரை ஒரு சின்ன மாற்றுப்பெட்டி வழியாக, புதிதாய் வாங்கிவந்த பழைய கம்பியூட்டர் மொனிட்டரில் செருகுகிறான். திரை உதறி, சாய்ந்த கோடுகளாகக் கிழிந்து, பிறகு பச்சைப் பந்துத் திடலாக நிலைக்கிறது. சூடேறிய தூசு மணக்கிறது. மொனிட்டரின் மேல்விளிம்புப் பள்ளத்தில் மஞ்சளாய் ஏதோ காய்ந்திருப்பதை ஸிப்னா இப்போதுதான் காண்கிறாள். யோசிக்காமல் தன் சால்வையை அதன்மேல் போடுகிறாள்.

"எங்க தம்பி வாங்கின?"

"அக்கரைப்பத்தில டீச்சர். கடல்ல நனைஞ்ச சாமான் இல்ல."

"ஓம். எங்கட மேல்மாடிக்கும் கடல் ஏறல்ல. நாங்க திரும்பி வரக்குள்ள அங்க ஒரு சாமானும் இல்ல."

றிஸ்மி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த மேல்மாடியை இந்த வீட்டில் அறிந்தவள் ஸிப்னா மட்டும்தான். மின்விசிறிக் காற்றில் சால்வை மெல்ல நழுவி விழுகிறது. டீச்சர் அந்த மஞ்சளைப் பார்க்கிறார்; பிறகு நானாவை அல்ல, ஸிப்னாவை நெடுநேரம் பார்க்கிறார். சட்டைப் பார்சலைக் கதிரையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறார்.