அறுபதாவது பெயர்

அல்ஜீரியாவின் மெதேயா நகராட்சி மண்டபத்தில் காலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து மேடைக் கணினியின் மேல் விழுகிறது. ஹஜ் பயணத்துக்கான குலுக்கல். நாலாயிரம் பேர் மனுப் போட்டிருக்கிறார்கள், இடம் அறுபதுதான். பொத்தான் மேல் விரலை வைத்தபடி ஸுலைக்கா நிற்கிறாள். அடுத்து வரும் எண்ணை எவராலும் ஊகிக்க முடியாதபடி இந்தக் குலுக்கலுக்கான கணினி நிரலை எழுதியவள் அவள்தான். முன்வரிசையில் பக்கத்து வீட்டு பூஸித், எழுபத்தாறு வயது, பதினோராவது முறையாக வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மூச்சு இழுப்பது மேடைவரை கேட்கிறது. "மகளே, எம் பேரைக் கொஞ்சம் மேலே தள்ளிவிடேன்" என்று கண்ணடிக்கிறார். சுற்றிலும் சிரிப்பு. "நானே நெனச்சாலும் முடியாது மாமா. அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன்" என்கிறாள். பொத்தானை அழுத்துகிறாள். திரையில் பெயர்கள் ஏற ஏற, மண்டபத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து குலவை எழுகிறது. பூஸித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். அறுபதாவதாக வருவது முடிதிருத்துகிற நசீமின் பெயர். இருபத்தாறு வயது, முதல் மனு. பட்டியலில் பூஸித்தின் பெயர் இல்லை. அவன் மேடைக்கு ஓடிவருகிறான். "அக்கா, என் இடத்தை பூஸித் மாமாவுக்கு மாத்திக் குடுங்க." "மாத்த வழியில்லடா." "ஒரே ஒரு பேரு தானேக்கா!" அவள் முடியாதென்று தலையசைக்கிறாள். பூஸித் மெல்ல எழுந்து வந்து நசீமின் தோளைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கிறார். "எங்கயாச்சும் தப்பு நடந்திருக்குமோ, மகளே?" அவள் திரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்க்கிறாள். மறுபடியும் பார்க்கிறாள். "இல்ல மாமா" என்கிறாள். "எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு."