பன்னிரண்டு விநாடித் துடிப்பு

அடையாற்று ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில் திரையில் விழுகிறது. மதுவந்தி உள்ளங்கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். தோழி ரூஹியும் அவளும் ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து நுண்ணோக்கி வழியே எடுத்த பழைய பன்னிரண்டு விநாடி வீடியோ. ஒரு ரத்த அணுவின் விளிம்பு நடுங்குகிறது. வெறும் வெப்பத்தின் நடுக்கம் என்றாள் இவள், உயிரின் துடிப்பு என்றாள் ரூஹி. இத்தனை சின்ன வீடியோவை வைத்து நிரூபிக்க அப்போது வழியில்லை. அந்தச் சண்டையில் இருபது வருடமாகப் பேச்சில்லை. இன்று புதிய கணக்கு முறையில் வீடியோவை முன்னும் பின்னுமாக ஓட்டி ஒப்பிடுகிறாள். இரண்டும் ஒன்றாக இல்லை. வெறும் வெப்பமென்றால் எந்தப் பக்கம் ஓட்டினாலும் வித்தியாசமே தெரியாது; உயிரின் அசைவுக்குத்தான் முன், பின் உண்டு. போனை எடுக்கிறாள். "ரூஹி, நீ சொன்னதுதான்டி சரி. அது உயிரோடதான் இருந்திருக்கு." மறுமுனையில் குக்கர் விசில், அடுப்பை அணைக்கும் சத்தம். "என் விரல்ல குத்தி எடுத்த ரத்தம்டி," என்கிறாள் ரூஹி. "சும்மாவா ஆடும்?"