அஞ்சாவது படம்

“அக்கா, அஞ்சாவது! அஞ்சாவதை விட்டுட்டே!”

தங்கை போட்ட கத்தலில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடையில் இருந்த அக்கா மட்டும் திரும்பவில்லை.

போட்டி முடியப் பத்தே நிமிஷம். மேடையில் இரண்டு கணினிகள். ஒன்றில் அக்கா, இன்னொன்றில் ஸ்டூடியோக்காரர். இருவரும் செய்வதெல்லாம் பின்னால் இருந்த பெரிய திரைகளில் அப்படியே தெரிந்தது. ஜெயிப்பவருக்குப் புத்தம் புதுக் கேமரா. விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துப் பிழைக்கும் அக்கா, இன்றுவரை வாடகைக் கேமராவில்தான் காலம் தள்ளுகிறாள்.

இருவரும் காலையில் ஆளுக்கொரு நேரத்தில் எடுத்தது ஒரே இடத்தைத்தான், இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பழைய அச்சுக்கூடத்தை. எச்.டி.ஆர். படம். ஒரே காட்சியைக் கும்மிருட்டாக ஒன்று, கண் கூசும் வெளிச்சத்தில் ஒன்று, நடுவில் மூன்று என்று ஐந்து தடவை எடுத்துச் சேர்த்தால், ஜன்னலுக்கு வெளியே மேகமும் தெரியும், மேஜைக்கு அடியில் தூசியும் தெரியும். எதையும் வெட்டக் கூடாது, எதையும் மறைத்து ஒட்டக் கூடாது. அதுதான் விதி.

ஸ்டூடியோக்காரர் வண்ணத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்.

தங்கை கையைச் சுருட்டி மைக்காக்கிக்கொண்டு, வர்ணனையாளர் குரலுக்குத் தாவினாள். “இதோ, மேகத்துக்கு மஞ்சள் பூசிவிட்டார்! அடுத்ததாக அச்சு இயந்திரத்துக்கு உதட்டுச் சாயம்! மணப்பெண் தயார்!”

பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

அக்காவின் திரையிலோ கூடம் மெல்ல மெல்ல விடிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் மேகம். உருளைகளில் எண்ணெய்ப் பளபளப்பு. பெட்டியில் கிடந்த ஈய எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. “ஆஹா!” என்று பின்வரிசை வரைக்கும் ஒரு அலை ஓடியது.

“எங்கக்கா! எங்க சொந்த அக்கா!” தங்கை நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள்.

இடது மூலை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. அதற்குத்தான் ஐந்தாவது படம், இருப்பதிலேயே வெளிச்சமானது. அக்கா கேமராவிலிருந்து நாலைத்தான் கணினியில் ஏற்றியிருந்தாள். காலையில் கதவோரம் நின்று ‘க்ளிக்’ சத்தத்தை விரல்விட்டு எண்ணியவளாயிற்றே தங்கை!

நடுவர் தாடியைத் தடவிக்கொண்டே மைக்கை எடுத்தார். “ஏம்மா, அந்த மூலை தார் டிரம் மாதிரி இருக்கே. நிழலைக் கொஞ்சம் தூக்கி விடுங்க.”

அக்கா தலையாட்டினாள். மவுஸைப் பிடித்து நகர்த்தினாள், நேர் எதிர்ப் பக்கமாக. மூலை இன்னும் கறுத்தது.

“ஐயோ, அந்தப் பக்கம் இல்ல! சோறு திங்கிற கைப்பக்கம்!”

மணி அடித்துவிட்டது.

“இருட்டுக்குள்ள இருக்கறதையும் காட்டத்தான் எச்.டி.ஆர்.,” என்றார் நடுவர். “இது ஆரம்பப் பாடம். ஸ்டூடியோ சார் மூலை முடுக்கு எல்லாம் காட்டியிருக்கார்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா மத்தபடி உங்க படம் பிரமாதம், மனசு கேக்க மாட்டேங்குது. உங்க தங்கச்சி கூரை இடியக் கத்தறாங்களே, அந்த அஞ்சாவது கேமராவுல இருக்கும்ல? ஏத்திச் சேர்த்துத் திரையில காட்டுங்க. அஞ்சு நிமிஷம் தர்றேன். மூலை தெரிஞ்சா பரிசு உங்களுக்கு.”

“காட்டட்டுமே, எனக்கென்ன!” என்றார் ஸ்டூடியோக்காரர், நகத்தைக் கடித்தபடி.

அரங்கம் கைதட்டி விசிலடித்தது.

“வேணாம் சார்,” என்றாள் அக்கா. “இப்படியே இருக்கட்டும்.”

தங்கைக்குத் தலை சுற்றியது. பரிசு தானாகத் தேடி வந்து வாசலில் நிற்கிறது, இவள் கதவைச் சாத்துகிறாள்! இரண்டே தாவலில் மேடை ஏறினாள்.

“திமிராக்கா உனக்கு? கொண்டா இங்க!”

“வேணாம்டி, சொன்னாக் கேளு...”

அதற்குள் கேமராவைப் பிடுங்கியாயிற்று. பின்பக்கச் சின்னத் திரையில் படங்களைத் தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து! இதோ இருக்கிறது. மூலையைப் பெரிதாக்கினாள்.

காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு பெண். இந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் பட வேண்டாமென்று தேடிப் போன இருட்டு அது. அதைப் போய்க் கேமரா பட்டப்பகலாக்கி வைத்திருந்தது. முகம், மச்சம் எல்லாம் துல்லியம்.

தங்கை நிமிர்ந்தாள். எதிரே இருநூறு பேர். வாசலோரம் அதே பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய திரையை வாய் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா, கிடைச்சுதா அஞ்சாவது?” என்றார் நடுவர்.

தங்கையின் கட்டைவிரல் கேமராவில் இருந்த குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தியது. ‘நீக்கவா?’ என்று கேட்டது கேமரா. இன்னொரு தடவை அழுத்தினாள்.

பிறகு மைக்கை வாங்கினாள்.

“மன்னிச்சிருங்க சார். எங்கக்கா எடுத்ததே நாலுதான். எனக்குத்தான் ஒழுங்கா எண்ணத் தெரியல!”