பின்கதவில் பூ இல்லை

தங்கை பட்டறைக்குள் வந்ததும் வராததுமாகப் போனை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது அவரு வண்டியான்னு நீயும் ஒரு தடவை பாத்துச் சொல்லிடுண்ணா."

பதினோரு வினாடிப் படம். யாரோ மொட்டை மாடியில் நின்று எடுத்தது. பாலத்தின் மேல் பழுப்பாக வெள்ளம் ஓடுகிறது. பழைய சிவப்பு பிக்கப் ஒன்று மெல்லத் திரும்புகிறது, கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு தலைகுப்புற இறங்குகிறது. கடைசியாக முங்குவது பின்பக்கம். ஓட்டுகிறவர் தெரியவில்லை. நம்பர் பலகையைச் சேறு மூடியிருந்தது.

அவள் புருஷன் நேற்று விடியுமுன் லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான் போயிருந்தார். மத்தியானத்திலிருந்து அவர் போன் அணைந்து கிடக்கிறது.

அண்ணனுக்கு வண்டிகளில் ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கிற தொழில். ஆனால் அவர் பேர் வாங்கியது வேறொன்றுக்கு. சினிமாவில் கதாநாயகியே விழுந்து புரண்டு அழுதாலும் அவர் கண் பின்னால் நிற்கிற பிக்கப்பின் மேல்தான் இருக்கும். பின்விளக்கு ஒன்று கண்ணில் பட்டால் போதும், எந்த வருஷத்து மாடல் என்று சொல்லிவிடுவார்.

மாப்பிள்ளைக்கும் அதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் டீ போட வேண்டும். பன்னிரண்டு வருஷமாய்த் தோற்றுத் தோற்று டீ போடுவதில் மாப்பிள்ளை கை தேர்ந்துவிட்டார். மச்சானுக்கு "வண்டி ஜோசியர்" என்று பட்டம் கொடுத்ததும் அவர்தான். அந்த வீட்டில் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்தவர்கள் கிடையாது.

இதே கிறுக்குப் பிடித்த நானூறு பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வேறு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தங்கையையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். காலையில் அவள் இந்தப் படத்தை அதில் போட்டாள். கால் மணி நேரத்தில் பதில் வந்து குவிந்தது. எல்லோரும் ஒரே பேச்சு. பின்கதவின் நடுவில் மடிப்பு இருக்கிறது, ஆகவே எண்பத்து நாலாம் வருஷத்து மாடல். உங்கள் வீட்டுக்காரர் வண்டி எண்பத்தொன்பது, அதில் மடிப்பே வராது. இது வேறு யார் வண்டியோ. கவலையை விடுங்கள்.

அவர்கள் சொன்னது இருக்கட்டும், அவளுக்கென்றே ஓர் அடையாளம் இருந்தது. வீட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டில், போன லீவில், மகள் அப்பா வண்டியின் பின்கதவில் ஒரு சூரியகாந்திப் பூ வரைந்திருந்தாள். ஒரு இதழுக்கும் இன்னொரு இதழுக்கும் சம்பந்தமே இருக்காது. படத்தில் அந்தப் பூ இல்லை. பத்துத் தடவை நிறுத்திப் பார்த்துவிட்டாள். இல்லவே இல்லை.

இருந்தாலும் அண்ணன் வாயால் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அண்ணன் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

எந்த வண்டிக்கும் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனார். சுவரோரமாய், சாக்கு போர்த்தி எதையோ சாய்த்து வைத்திருந்தது. அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

"சொல்லேண்ணா. எம்பத்தி நாலுதானே?"

வண்டி விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வராது. உண்மையைச் சொல்லவோ நாக்கு எழவில்லை.

"பின்கதவு எம்பத்தி நாலுதான்" என்றார்.

அவள் அப்படியே பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள். மாமாவே சொல்லிவிட்டார், அப்பா வண்டி இல்லை, மனுஷன் எங்கேயாவது மேடாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், சார்ஜ் போட மறந்திருப்பார், வரட்டும், வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை. மூச்சு விடாமல் பேசினாள்.



படத்தில் இருந்த அந்தக் கதவைப் பற்றி அண்ணன் வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வலது மூலையில் சிவப்பு போதாமல், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் பூச்சு அப்படியே நின்றது. பழைய இரும்புக் கடையில் அதைத் தேடிப் பிடித்தவர் அவர். முந்தாநாள் சாயங்காலம் அதை மாப்பிள்ளை வண்டியில் மாட்டி போல்ட் முறுக்கியவரும் அவர்தான். வண்டியின் சொந்தக் கதவு துருவேறிக் கீல் விட்டுப்போயிருந்தது.

பூவைக் கெடுக்காமல் ஒட்டுப் போட்டு வை மச்சான், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். குட்டி பார்த்தால் ஊரைக் கூட்டிவிடுவாள், அதனால் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திக்கொள்கிறேன், நீயும் வீட்டில் மூச்சு விடாதே என்றார். இவரும் விடவில்லை.

தங்கை போனை வைத்தாள். நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் இப்போதுதான் அவளுக்குத் தாகம் என்று ஒன்று தெரிந்தது. தண்ணீர்க் குடம் அண்ணனுக்குப் பின்னால், சாக்கின் பக்கத்தில் இருந்தது.

"கொஞ்சம் தள்ளுண்ணா, நானே எடுத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

அவர் நகரவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சாக்கின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டார்.