மடியில் ஒன்பது கிலோ

அவள் குழந்தைப் பொம்மையைத் தூக்கி, பின்சீட்டிலிருந்த பெரிய பொம்மையின் மடியில் வைத்தாள்.

"மேடம், ரூல் புக்குல மடின்னே ஒண்ணு கிடையாது," என்றார் தணிகைவேல். புதுக் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பது இருபது வருடமாக அவருடைய வேலை.

"நீங்க கட்டுங்கண்ணே."

பெரிய பொம்மையின் கைகளைக் குழந்தையைச் சுற்றிச் சேர்த்து, நைலான் கயிற்றால் கட்டினார். எந்த மனிதக் கையும் அவ்வளவு இறுக்கிப் பிடிக்காது.

இது நான்காம் தலைமுறைக் கார்.

முதலாவது பெட்டிபோல் வந்தது. இரண்டாவதில் மூக்கைச் சீவினார்கள். மூன்றாவதில் விளக்குகளை நீட்டி, முன்சீட்டுக்குக் காற்றுப்பை வைத்தார்கள். இப்போது இடுப்பை ஒடுக்கியிருக்கிறார்கள்.

நான்கு விளம்பரங்களிலும் பின்சீட்டில் ஓர் அம்மா, மடியில் பிள்ளை. இருவர் முகத்திலும் வெட்கங்கெட்ட சிரிப்பு.

கம்பெனி இன்ஜினியரான அவள் இந்தச் சோதனையை மூன்றாவதற்கே கேட்டாள். விதியில் இல்லாததற்கு ஒரு காரை உடைப்பானேன் என்றார்கள். இம்முறை கேட்டுக் கேட்டு உயிரை எடுத்துவிட்டாள்.

முதலாவதை அவள் அப்பா வாங்கியிருந்தார்.

அவளுக்குப் பதினொரு வயது. தம்பிக்கு எட்டு மாதம். கை வலிக்கிறது என்று முன்சீட்டிலிருந்த அம்மா அவனைப் பின்னால் இவளிடம் கொடுத்தாள்.

திண்டிவனம் தாண்டியதும், நின்றிருந்த லாரிக்குள் கார் புகுந்தது.

தம்பி முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனான்.

ஆஸ்பத்திரியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏண்டி கைய விட்ட?"

பிறகு கேட்கவேயில்லை. அது இன்னும் கொடுமை. முப்பத்தொரு வருடமாக இவள் அந்தக் கையால்தான் சோறு தின்கிறாள்.

சோதனைக்கூடத்தில் சைரன் அடித்தது.

கார் ஓடியது.

சுவர்.

சீவிய மூக்கும் நீட்டிய விளக்கும் ஒரு நொடியில் நசுங்கின.

குழந்தைப் பொம்மை சுவரடியில் கிடந்தது. கழுத்து முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

கயிறு அறுந்திருந்தது. பெரிய பொம்மையின் ஒரு கை தோளோடு பிய்ந்து தொங்கியது.

தணிகைவேல் திரையைப் பார்த்துச் சொன்னார். "ஒம்பது கிலோ குழந்தை மேடம். மோதுன நேரத்துல முந்நூத்தம்பது கிலோ. பயில்வான் புடிச்சாலும் நிக்காது."

அவள் அழுதாள். ஆட்கள் பார்த்தும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, தம்பிய நான் விடலம்மா. யாராலயும் புடிச்சிருக்க முடியாது. இன்னிக்கு என் கண்ணால பாத்துட்டேன்."



"தெரியும்டி," என்றாள் அம்மா. "அன்னிக்கே தெரியும்."